கல்லும் வாய்க்காலும்: ஜோர்டான் பயணக் குறிப்புகள்

ஊர் திரும்பிய பிறகும் முழங்கால் வலி விட்டபாடில்லை. பாறையைக் குடைந்து எழுப்பிய பழைய நகரமான பெட்ராவின் படிகள் செய்த வேலை. தோஹாவில் வேலை பார்க்கும் மச்சினன், உலகக் கோப்பைக் கூட்டம் வந்து இறங்குவதற்குள் லீவு எடுத்தே ஆக வேண்டும் என்று அவசரப்படுத்தியதால், 2022 தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிந்த அன்றே நானும் மனைவியும் அம்மானுக்குக் கிளம்பினோம். அவன் தோஹாவிலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். கார் முழுக்க அவன் பொறுப்பு. சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவன் எங்களில் அவன் மட்டும்தான். அன்றன்று இரவு எழுதியதை அதிகம் மாற்றாமல் தருகிறேன். தினார் என்று வரும் இடத்திலெல்லாம் 116-ஆல் பெருக்கிக்கொண்டால் அன்றைய ரூபாய்க் கணக்கு வந்துவிடும். நாங்கள் முதல் நாளே பெருக்குவதை நிறுத்திவிட்டோம். பெருக்கினால் சாப்பாடு இறங்காது.

அக்டோபர் 25, செவ்வாய்: அம்மான், ஜெராஷ்

விடியற்காலையில் போய் நின்றவர்களுக்கு மதியம்தான் அறை என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். பெட்டிகளைப் போட்டுவிட்டுப் பழைய நகரத்துக்கு நடந்தோம். அம்மான் குன்றின்மேல் குன்றாக ஏறிக்கொண்டே போகும் ஊர். தெருவுக்குத் தெரு படிக்கட்டு. வீடுகள் எல்லாம் ஒரே வெளிர்மஞ்சள் கல். மொட்டை மாடிகளில் நாலைந்து தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. குழாயில் வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர், அன்றைக்குப் பிடித்து மேலே ஏற்றிவிட வேண்டும், தீர்ந்தால் லாரிக்குச் சொல்ல வேண்டும் என்று விடுதிக்காரர் சாதாரணமாகச் சொன்னார். 2019-இல் சென்னையில் குடத்தோடு நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால் எங்களுக்கு அது ஒரு கோடை. இவர்களுக்கு எல்லா வருஷமும் அப்படித்தான்.

ஹாஷெம் உணவகம் ஒரு சந்துக்குள் மேசை நாற்காலி போட்டு நடக்கிறது. மெனுவைத் தேடுவதற்குள் ஃபலாஃபில், ஹும்முஸ், மசித்த மொச்சை, பச்சை வெங்காயம், புதினாக் கொத்து எல்லாம் வந்துவிட்டன. ரொட்டியை மேசையில் விரித்த பிளாஸ்டிக் தாளின்மேல் அப்படியே போட்டுவிட்டுப் போனார். மூன்று பேரும் தேநீரோடு வயிறு நிறையச் சாப்பிட்டு ஏழு தினார். சைவக்காரியான என் மனைவி, "இந்த ஊரில் பிழைத்துக்கொள்வேன்" என்றாள்.

காரை எடுத்துக்கொண்டு வடக்கே ஜெராஷுக்கு ஐம்பது கிலோமீட்டர் போனோம். அன்று சூரிய கிரகணம். "வெளியே தலை காட்டாதீங்க, ஒண்ணும் சாப்பிடாதீங்க" என்று மாமியார் மதுரையிலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றதோ கூரையே இல்லாத ஒரு ரோமானிய நகரத்தின் நடுவில். 129-130 வாக்கில் ஹாட்ரியன் பேரரசர் வந்தபோது எழுப்பிய வளைவு வாசலில் நிற்கிறது. அதைத் தாண்டிப் போனால் தூண்கள் நீள்வட்டமாகச் சுற்றி நிற்கும் பெரிய சதுக்கம். அங்கிருந்து வடக்கே எண்ணூறு மீட்டருக்கு நேர்த்தெரு. கல் பாவிய தெருவில் தேர்ச்சக்கரம் உழுத தடம் இன்னும் இருக்கிறது. தெருவோரக் கற்களில் ஆங்காங்கே துளைகள். மழைத்தண்ணீர் அதில் இறங்கித் தெருவுக்கு அடியில் ஓடும் சாக்கடையில் சேரும். கொஞ்ச தூரத்தில் நீரூற்று மண்டபம்; ஏழு சிங்கத் தலைகளின் வாய்வழியாகத் தொட்டியில் தண்ணீர் விழுமாம். 749-இல் வந்த நிலநடுக்கம் ஊரை முடித்துவைத்தது. தொட்டியில் இப்போது இருப்பது சிப்ஸ் பாக்கெட்டுகள்.

ஆர்ட்டெமிஸ் கோயிலில் காவலாளி ஒருவர் எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஒரு தூணின் அடிப்பிளவில் டீஸ்பூனைச் செருகி, பார் என்றார். காற்றுக்குத் தூண் அசைய அசைய ஸ்பூனின் காம்பு மேலும் கீழும் ஆடியது. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். நிலநடுக்கத்துக்கு ஈடுகொடுக்கவே தூண்களை அப்படி நிறுத்தினார்கள் என்றார். இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறதே, நம்பித்தான் ஆக வேண்டும்.

பிற்பகலில் வெயிலின் நிறம் லேசாகப் பழுத்தது. அண்ணாந்து பார்க்கக் கண்ணாடி இல்லை. மச்சினன்தான் மரத்தடியில் கண்டுபிடித்தான்: இலைகளின் இடுக்கில் விழுந்த வெளிச்ச வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓரம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து அவனுடன் தரையைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை, "வெல்கம் டு ஜோர்டான்" என்றது. இந்த வாக்கியத்தை இனிமேல் ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கப்போகிறோம் என்று அப்போது தெரியாது. தெற்கு அரங்கில் ராணுவ உடுப்பில் இரண்டு பெரியவர்கள் பேக்பைப் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனது. ரோமானிய அரங்கு, ஸ்காட்லாந்துக் குழல், அரபு மெட்டு. யாருக்கும் அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

அக்டோபர் 26, புதன்: கிழக்குப் பாலை

பெரும்பாலோர் அம்மானிலிருந்து நேரே தெற்கே பெட்ராவுக்குப் போய்விடுகிறார்கள். கிழக்கே போகலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். ஊர் முடிந்ததும் நிலம் தட்டையாகிவிடுகிறது. மணல் இல்லை, கருஞ்சாம்பல் சரளை, கண்ணுக்கு எட்டிய வரை. எண்ணெய் லாரிகள் வரிசை வரிசையாகப் போகின்றன. வழிப்பலகைகளில் ஈராக், சவூதி எல்லைகளின் பெயர்கள்.

காரானாக் கோட்டை தூரத்திலிருந்து மிரட்டுகிறது. உள்ளே போனால் வெறும் அறைகள். அம்பு எய்யும் துளைகள் போலத் தெரிபவை எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கின்றன. சண்டைக்குக் கட்டியதாகத் தோன்றவில்லை. அரை மணி நேரம் போதும்.

அடுத்தது குஸைர் அம்ரா. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் திரும்பிப் போகலாம் என்றால் பெட்ராவை விட்டுவிட்டு இங்கேதான் வருவேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று கூடாரக் கூரைகளை ஒட்டவைத்த சின்னக் கட்டடம். உமையா வம்சத்து இளவரசர் வலீத் இப்னு யஸீத், கலீஃபா ஆவதற்கு முன் கட்டிக்கொண்ட வேட்டை விடுதியும் குளியல் அறையும். கட்டியவர் பெயர் 2012-இல் சுவரைச் சுத்தம் செய்தபோது கிடைத்த எழுத்திலிருந்துதான் உறுதியானது. உள்ளே கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகிறது. அப்புறம் சுவர் முழுக்க ஆட்கள் எழுந்து வருகிறார்கள்: குளிக்கும் பெண், காட்டுக்கழுதை வேட்டை, கல் உடைக்கும் கொத்தர், ஒட்டகத்தில் சுமை ஏற்றும் ஆள். ஒரு கரடி உட்கார்ந்து வீணை மாதிரி ஒன்றை வாசிக்கிறது. இஸ்லாமியக் கலையில் உருவமே வரையமாட்டார்கள் என்று படித்துவந்தவன் நான். எட்டாம் நூற்றாண்டு ஓவியர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வெந்நீர் அறையின் குவிமாடத்தில் ராசி மண்டலம் முழுவதும் இருக்கிறது. குவிமாடத்தில் வரைந்த வான ஓவியங்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றில் இதுவே மிகப் பழையது. ஒரு வேடிக்கை, வானம் இட வலம் மாறியிருக்கிறது. ஓவியர் ஏதோ ஒரு வானக் கோளத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். கோளத்தில் நாம் வானத்தை வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். அதை அப்படியே மேலே ஏற்றிவிட்டார். வெந்நீரில் மல்லாந்து கிடந்த இளவரசருக்கு அது தெரிந்திருக்குமா?

வெளியே ஆழமான கிணறு. பக்கத்தில் விலங்கு சுற்றிச் சுற்றி நடந்து தண்ணீர் இறைத்த வட்டம். எங்கள் பக்கத்துக் கமலையில் மாடு முன்னும் பின்னும் நடக்கும்; இங்கே செக்குபோல வட்டம். ஒரு வாளி குடிதண்ணீருக்கே நாக்குத் தள்ளும் இடத்தில் வெந்நீர்க் குளியல் தொட்டி. அதிகாரம் என்றால் என்ன என்பதை அரண்மனையைவிட இது நன்றாகச் சொல்லிவிட்டது.

வாசலில் கூடாரம் போட்டிருந்தவர் மரமியா என்னும் மூலிகை இலை போட்ட தேநீர் கொடுத்தார். காசை நீட்டினால் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். அவரிடம் ஒரு பாசிமாலை வாங்கிக் கணக்கைச் சரிசெய்தோம் என்று நினைத்தோம். அதற்கு இன்னொரு தேநீர் வந்தது.

அஸ்ராக்கில் எல்லோரும் கருங்கல் கோட்டைக்குப் போகிறார்கள். முதல் உலகப்போரில் அரபுப் படைகளோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்த பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸ் 1917-18 குளிர்காலத்தில் அங்கே தங்கினார் என்பதற்காக. கோட்டையின் கல் கதவு அசல் கல்; இப்போதும் கீலில் திரும்புகிறது. எனக்குப் பக்கத்திலிருந்த சதுப்பு நிலம்தான் மனதில் நின்றது. ஒரு காலத்தில் ஊற்றுகள் பொங்கிப் பறவைகள் லட்சக்கணக்கில் வந்த பாலைச்சோலை. வளர்ந்துகொண்டே போன அம்மானுக்காக இங்கிருந்து தண்ணீரை இறைத்தார்கள். விவசாயக் கிணறுகளும் சேர்ந்துகொண்டன. 1990களின் தொடக்கத்தில் ஊற்றுகள் வற்றிவிட்டன. இப்போது ஒரு சிறு பகுதிக்கு மட்டும் தண்ணீர் விட்டு உயிர்ப்பித்திருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத, விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் அதில் நீந்துகிறது. மரப்பலகை நடைபாதையில் நடந்தால் பாதித் தூரம் காய்ந்த நாணல்தான். பலகை மட்டும் பழைய ஏரியின் அளவுக்கு நீளமாகப் போகிறது.

லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் மதிய உணவு. இரும்புச் சட்டியில் தக்காளியும் பச்சை மிளகாயும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் சுண்ட வதக்கியது, சட்டியோடு மேசைக்கு வந்தது. மூவருக்கும் ஐந்து தினார். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையின் ஓரத்தில் வெள்ளைக் கொட்டகைகள் முடிவில்லாமல் வரிசையாக வந்தன. 2014-இல் திறந்த சிரிய அகதிகள் முகாம். மரம் ஒன்றும் இல்லை. மச்சினன் பாட்டை நிறுத்தினான்.

இரவு மதாபாவில் தங்கல்.

அக்டோபர் 27, வியாழன்: மதாபா, கராக், வாடி மூசா

மதாபாவின் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் தரையே வரைபடம். ஆறாம் நூற்றாண்டில் வண்ணக் கல்துண்டுகளால் பதித்த புனித பூமி. ஜெருசலேம் நடுவில் தூண் வரிசையோடு இருக்கிறது. சாக்கடலில் படகுகள் போகின்றன. படகோட்டிகளின் உருவங்களை மட்டும் பிற்காலத்தில் யாரோ கலைத்திருக்கிறார்கள். நான் ரொம்ப நேரம் பார்த்தது ஒரு மீனை. ஜோர்டான் ஆற்றில் கடலை நோக்கிப் போன மீன்களில் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்நீச்சல் போடுகிறது. உப்பின் வாடை பட்டிருக்கிறது! பக்கத்தில் நின்ற இத்தாலியப் பாட்டியிடம் காட்டினேன். அவர் தன் குழு முழுவதையும் கூப்பிட்டுவிட்டார். வழிகாட்டிக்கு என்மேல் கோபம்.

தெற்கே அரசர் நெடுஞ்சாலை. பெயருக்கு ஏற்ற சாலை இல்லை. ஊருக்குள் நுழைந்து வளைந்து போகும் பழைய வழி. வேகமாகப் போக வேண்டுமென்றால் கிழக்கே பாலைவன நெடுஞ்சாலை இருக்கிறது. ஆனால் அதில் முஜிப் பள்ளத்தாக்கு கிடையாது. மேட்டில் நின்றால் பூமி பிளந்து கிடக்கிறது. அடியில் அணை, அணைக்குள் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். மேட்டிலிருந்து இறங்கி மறுபக்கம் ஏற முக்கால் மணி நேரம். உச்சியில் கார்களைப் பார்த்துத் தட்டைச் சுழற்றிக் கூப்பிடும் காப்பிப் பையன்கள். ஏலக்காய் போட்ட கறுப்புக் காப்பி, குவளை அரை தினார். கண்ணாடியை இறக்கினால் போதும், இறங்க வேண்டாம். பெட்ரோல் பங்க்கிலும் இதே வழக்கம்.

ஜோர்டானின் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு வெள்ளைக்கோடும் கிடையாது, பலகையும் கிடையாது. சாலையின் நிறத்திலேயே படுத்திருக்கும். கராக்குக்கு முன்னால் ஒரு கிராமத்தில் எங்கள் கார் அப்படிப்பட்ட ஒரு பிரேக்கரின்மேல் பறந்து இறங்கியது. பின்சீட்டிலிருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் என் மடிக்கு வந்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. பஞ்சர். ஸ்டெப்னியோ சைக்கிள் டயரைவிடக் கொஞ்சம் தடிமன். அதைப் போட்டுக்கொண்டு உருட்டிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தோம்.

கடைக்காரர் முதலில் நாற்காலி போட்டார், பிறகு தேநீர், அதற்குப் பிறகுதான் டயரைப் பார்த்தார். ஆலிவ் பறிக்கும் பருவம். கடைக்குப் பின்னால் அவர் குடும்பமே தார்ப்பாய் விரித்துக் கிளைகளைத் தட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். பொதுவான மொழி ஒரு சொல்கூட இல்லை, ஆனால் சிரிப்புச் சத்தம் நிற்கவில்லை. போனதும் ஒரு காயை எடுத்துக் கடித்துவிட்டாளாம். மரத்திலிருந்து பறித்த ஆலிவ் வேப்பங்காய்க்கு அண்ணன்; உப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறினால்தான் வாயில் வைக்க முடியும். டயருக்கு இரண்டு தினார் வாங்கினார். கிளம்பும்போது ஒரு கிலோ பச்சை ஆலிவ் பையில் ஏறியது. அதை மதுரைக்குக் கொண்டுபோய் ஊறப்போடுவதாக அவளும் தலையாட்டினாள்.

கராக்கில் மன்ஸஃப் சாப்பிட்டோம், நானும் மச்சினனும் மட்டும். பெரிய தாம்பாளத்தில் மெல்லிய ரொட்டி, அதன்மேல் சோறு, அதன்மேல் ஆட்டிறைச்சி, வறுத்த பாதாம். ஜமீது என்னும் உப்பிட்டு உலர்த்திய தயிர்க் கட்டியைக் கரைத்துக் காய்ச்சிய குழம்பை மேலே ஊற்றுகிறார்கள். முதல் வாய்க்குப் புளிப்பும் ஆட்டுவாடையும் தூக்கியடித்தன. மூன்றாவது வாயிலிருந்து மோர்க்குழம்புச் சோற்றில் கறி போட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. ஆளுக்கு எட்டு தினார். அன்று செய்த ஒரே ஊதாரித்தனம்.

கோட்டையைச் சாப்பிட்ட மயக்கத்தில் பார்த்தேன். 1140களில் சிலுவைப் படையினர் கட்டியது. சுல்தான் சலாஹுத்தீன் 1183-இல் முற்றுகையிட்டபோது உள்ளே ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மணமகன் வீட்டிலிருந்து விருந்துப் பண்டங்களை வெளியே அனுப்பியதாகவும், மணமக்கள் இருக்கும் கோபுரத்தின்மேல் மட்டும் கல் எறிய வேண்டாம் என்று அவர் உத்தரவிட்டதாகவும் ஒரு கதை. மற்ற கோபுரங்களில் எறிவது தொடர்ந்ததாம். கோட்டை 1188-இல்தான் விழுந்தது, பட்டினியால்.

ஷோபக்கை அடையும்போது இருட்டு. வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம். அந்தக் கோட்டைக்குள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் பாறைக்குள் குடைந்து அடியிலுள்ள நீர்நிலைக்கு இறங்குகின்றன. முற்றுகையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது என்று. மச்சினனுக்குப் பசி. சரி, பெட்ராவின் வாசலில் இருக்கும் ஊரான வாடி மூசா.

அக்டோபர் 28, வெள்ளி: பெட்ரா

பெட்ரா ஆறு மணிக்குத் திறக்கும். முதல் ஆளாக நுழைய ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். அலாரம் அடித்தது, எழுந்தேன், திரையை விலக்கினால் வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. என் கைபேசியில் ஐந்து, மனைவியின் கைபேசியில் ஆறு, மச்சினனுடையதில் ஐந்து. நடந்தது இதுதான்: ஜோர்டானில் அக்டோபர் கடைசி வெள்ளியன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவது வழக்கம். அந்த வழக்கத்தையே இனி வேண்டாம் என்று அரசு அந்த மாதத் தொடக்கத்தில்தான் ரத்து செய்திருந்தது. கைபேசிகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. தாமாகவே பின்னால் போய்விட்டன. கீழே வரவேற்பில் இருந்தவர், "இன்று சுவர்க் கடிகாரத்தை மட்டும் நம்புங்கள்" என்று தலையில் அடித்துக்கொண்டார். உள்ளூர்க்காரர்களுக்கும் அன்று இதே கூத்துதான்.

ஒரு நாள் சீட்டு 50 தினார். ஜோர்டான் பாஸை முன்பே 70 தினாருக்கு வாங்கியிருந்ததால் நாங்கள் தப்பித்தோம். அதில் மற்ற இடங்களின் சீட்டும் அடங்கும், விசாவுக்கான 40 தினாரும் கழியும்.

வாசலில் குதிரைக்காரர்கள், "குதிரைச் சவாரி டிக்கெட்டிலேயே சேர்த்தி" என்பார்கள். உண்மைதான், ஆனால் இறங்கும்போது அன்பளிப்பு கேட்பதும் அதில் சேர்த்தி. நடந்தே போகலாம். சிக் எனப்படும் பிளவு 1.2 கிலோமீட்டர். இருபக்கமும் பாறை வானத்தைத் தொடுகிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்து நடக்கிறார்கள். இடுப்பு உயரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு சுவர்களிலும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், மெல்லிய சாய்மானத்தோடு, வளைவுக்கு வளைந்து. ஒரு பக்கத்தில் சுடுமண் குழாய்களின் துண்டுகள் இன்னும் பாறையில் பதிந்திருக்கின்றன. மூசா ஊற்றின் தண்ணீர் இப்படித்தான் நகரத்துக்குள் போனது.

குடிதண்ணீரைக் கொண்டுவந்தது பாதி வேலைதான். மழை பெய்தால் மலைகளின் தண்ணீரெல்லாம் இந்தப் பிளவு வழியாகத்தான் பாயும். அதனால் பெட்ராவை உருவாக்கிய பழங்கால அரபு மக்களான நபட்டேயர்கள் வாயிலிலேயே அணை கட்டி, பாறையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. அணை பாழடைந்துபோன காலத்தில், 1963 ஏப்ரலில் வந்த திடீர் வெள்ளம் பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோரை இந்தப் பிளவுக்குள்ளேயே அடித்துச் சென்றது. அதற்குப் பிறகுதான் அதே இடத்தில் அணையைத் திரும்பக் கட்டினார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பொறியாளர் சரியான இடத்தைத்தான் காட்டியிருந்தார்.

பிளவு முடியும் இடத்தில், பாறையில் செதுக்கிய கஸ்னா. எல்லாப் படங்களிலும் பார்த்த முகப்புதான், ஏறக்குறைய நாற்பது மீட்டர் உயரம். சொல்ல ஒன்றும் புதிதாக இல்லை. ஆனாலும் நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்தினோம். அடுத்த நிமிடம் ஒட்டகக்காரர்களும் செல்ஃபிக் கூட்டமும் பேச வைத்துவிட்டார்கள். மேலே ஏறினால் நல்ல படம் கிடைக்கும் என்று கண்ணில் மையிட்ட இளைஞர்கள் பின்னாலேயே வந்தார்கள். இவர்களின் குடும்பங்கள் இந்தக் குகைகளிலேயே வாழ்ந்தவை. 1985-இல் மேட்டிலுள்ள உம் சைஹூன் கிராமத்துக்கு மாற்றினார்கள். பாட்டி வீட்டில் நின்றுகொண்டு நம்மிடம் மாலை விற்கிறார்கள். அதனால் பேரத்தில் நான் கறாராக இல்லை.

மடாலயத்துக்கு எண்ணூறு படிகள். கழுதை வேண்டுமா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டார்கள். வெயிலில் அந்தக் கழுதைகளைப் பார்த்தால் ஏற மனம் வரவில்லை. என் மனைவி கிரிவலம் போகிற நிதானத்தில் நிற்காமல் ஏறினாள். நானும் மச்சினனும் நாலு முறை உட்கார்ந்தோம். மேலே அகலம் கிட்டத்தட்ட ஐம்பது மீட்டருக்கு ஒரு மலைமுகப்பு, எதிரில் தேநீர்க் கடை. தேநீர் இரண்டு தினார். கீழே அரை தினார்தான். ஆனால் அந்தத் தண்ணீரும் கழுதைமேல் ஏறித்தானே வந்தது.

இறங்கும்போதுதான் முழங்கால் போனது. வாசலுக்குத் திரும்ப மின்சார வண்டி இருக்கிறது. வரிசையைப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தேன்.

அக்டோபர் 29, சனி: வாடி ரம்

இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். காரைக் கிராமத்தில் நிறுத்திவிட்டு, பின்புறம் பெஞ்சு போட்ட பழைய டொயோட்டா பிக்கப்பில் ஏறினோம். அரை நாளுக்கு 40 தினார். ஓட்டியவருக்கு இருபது வயது இருக்கும், செருப்பில்லாமல் ஓட்டினார். சாலை, பலகை, வரைபடம் ஒன்றும் இல்லை. எப்படி வழி தெரிகிறது என்று கேட்டதற்கு, மச்சினனைப் பார்த்து, "உன் வீட்டில் சமையலறைக்கு எப்படிப் போவாய்?" என்றார்.

மணல் சில இடங்களில் சிவப்பு, சில இடங்களில் வெளுத்த மஞ்சள். நடுவில் மலைகள் வேரில்லாமல் வைத்ததுபோல் நிற்கின்றன. கஸாலி இடுக்கில் தமூதிய எனப்படும் பழங்கால அரேபிய எழுத்துகள், பாதங்கள், கைகோத்த மனிதர்கள். ஒட்டகம் மேய்த்தவர்கள் பொழுது போகாமல் கீறியவை, பெரும்பாலும் பெயர்கள். அதன் பக்கத்திலேயே இந்தக் காலத்து ஆட்களும் கீறிவைத்திருக்கிறார்கள். அவை பழசாக இன்னும் இரண்டாயிரம் வருஷம் வேண்டும்.

லாரன்ஸ் பெயரைச் சொல்லும் ஊற்றில் கல்தொட்டியில் ஒட்டகங்கள் குடித்துக்கொண்டிருந்தன. மலைமேல் கசிகிற தண்ணீர்தான். ஆனால் பெரிய தண்ணீர் காலுக்கு அடியில் இருக்கிறது. பக்கத்து டிஸி பகுதியில் மணற்பாறைக்குள் பல்லாயிரம் வருஷத்துக்கு முன் இறங்கிய மழைநீரை எடுத்து, 325 கிலோமீட்டர் குழாயில் அம்மானுக்கு அனுப்புகிறார்கள். 2013-இலிருந்து ஆண்டுக்குப் பத்துக் கோடி கன மீட்டர். பாலைவனம் தலைநகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. எடுத்ததை நிரப்ப மழை கிடையாது. அஸ்ராக்கின் மரப்பலகையில் நடந்துவிட்டு வந்தவனுக்கு இந்தக் கணக்கு நிம்மதி தரவில்லை.

தங்கிய முகாமைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்று, கெட்டதாகச் சொல்ல ஒன்று. நல்லது ஸர்ப். மண்ணுக்குள் புதைத்த அடுப்பில் கோழி, உருளை, கேரட், வெங்காயம் எல்லாம் அடுக்கி, மூடி, மேலே மணலைப் போட்டு மூன்று மணி நேரம். திறக்கும்போது எல்லோரும் வட்டமாகக் கூடி நிற்கிறோம். காய்கறித் தட்டு தனி அடுக்கு என்பதால் மனைவிக்கும் கொண்டாட்டம். கெட்டது, சாப்பாட்டுக்குப் பிறகு ஒலிபெருக்கி. இத்தனை அமைதியைப் பணம் கொடுத்துத் தேடி வந்தவர்களுக்கு எதற்கு டமடம? மச்சினன் போய்க் கேட்டுக்கொண்ட பிறகும் பதினொன்று வரை ஓடியது. கண்ணாடிக் குமிழ்க் கூடாரங்களில் ஏசியும் இருந்தது. நாங்கள் ஆட்டு ரோமக் கூடாரத்தில் மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்கினோம்.

அக்டோபர் 30, ஞாயிறு: அகபா, சாக்கடல்

அகபாவில் மதியம் மீன்சோறு, செங்கடலில் கால் நனைத்தது, அவ்வளவுதான். அப்புறம் வாடி அரபா சாலையில் வடக்கே. இடப்பக்கம் சற்றுத் தள்ளி இஸ்ரேல் எல்லை. ராணுவச் சோதனைச் சாவடிகளில் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, அதே "வெல்கம்".

சாக்கடலுக்குத் தெற்கே ஸாஃபி பக்கம் திடீரென்று பச்சை. சொட்டுநீர்க் குழாய், தக்காளி நாற்று. சாலையோரக் கூடாரத்தின் முன்னால் சல்வார் போட்ட பெண்களைப் பார்த்ததும் மச்சினன் வண்டியை ஓரங்கட்டினான். பாகிஸ்தானிலிருந்து வந்த விவசாயக் குடும்பம். அப்பா காலத்திலேயே வந்தவர்கள். பிள்ளைகள் அரபு பேசுகிறார்கள், வீட்டில் சிந்தி. தோஹா புண்ணியத்தில் மச்சினனுக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. எனக்கும் மனைவிக்கும் தலையாட்டல். நிலம் குத்தகை, கூடாரம் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். பால் தேநீர் கொடுத்தார்கள். ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் பால் தேநீர்! மனைவி இரண்டாவது குவளைக்குக் கையை நீட்டிவிட்டாள். கூடை நிறையப் பச்சை மிளகாய் காட்டி, எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஊர்க்காரர்கள் காரம் சாப்பிடமாட்டார்கள் என்று அந்த அம்மா ஆதங்கப்பட்டார். மச்சினன் மொழிபெயர்க்கும் முன்பே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

சாக்கடல் கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குமேல் இறங்கிக்கொண்டும் இருக்கிறது. ஜோர்டான் ஆற்றின் தண்ணீரை மேலேயே எடுத்துவிடுகிறார்கள். தெற்கே பொட்டாஷ் ஆலைகளின் ஆவியாக்கும் பாத்திகள் வேறு. கடற்கரைப் படிக்கட்டின் முடிவில் இன்னொரு படிக்கட்டு, அதற்குக் கீழே மரத்தில் இன்னொன்று. கரையோரங்களில் நிலம் திடீரென்று உள்வாங்கிக் குழியாவதால் கண்ட இடத்தில் இறங்கவும் கூடாது.

தண்ணீருக்குள் உட்கார்ந்தால் கால் தானாக மேலே வருகிறது. முழங்காலுக்கு அந்தப் பத்து நிமிடம் சொர்க்கம். மச்சினன் முந்தின நாள் சவரம் செய்திருந்தான். கரையிலிருந்தே அவன் சத்தம் கேட்டது.

அக்டோபர் 31, திங்கள்: விமான நிலையம்

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் பெட்ரோல் அளவு பார்த்தார்கள், கீறல் பார்த்தார்கள், டயரைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடும்போது பில்லில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: கழுவும் கட்டணம் 15 தினார். வெள்ளைக் கார், வாடி ரம் மணலும் சாக்கடல் உப்பும் சேர்ந்து பழுப்பாகியிருந்தது உண்மைதான். ஒரு வாளித் தண்ணீருக்குப் பதினைந்து தினாரா என்று மச்சினன் எகிறினான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் துளிகூடக் கோபப்படாமல், "சார், இது ஜோர்டான். உங்களுக்குப் பெட்ரோல் இலவசமாகக்கூடத் தருவேன், தண்ணீர் மட்டும் கேட்காதீர்கள்" என்றார். பத்துக்கு இறங்கிவந்தார். மனைவி அவருக்கு ஒரு பை பச்சை மிளகாய் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, இதை என்ன செய்வது என்று மச்சினனிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது.